நாய்களிடம் பாடம் கேட்ட பேரறிஞர்

ஆனித் திங்கள் பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று வீசத் தொடங்கும். குற்றாலத்தில் சாரல் விழும். தென்காசித் தெருக்கள் குளிர்ந்து வெளியூர் மக்களால் நிறையும். அத்தகைய சாரற்காலம் ஒன்றில், எங்கள் தெருவில் வாழும் மாணவன் ஒருவன் இராசபாளையத்து நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்தான். பால்போன்ற வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் நீண்ட கால்களும் உடைய அழகிய குட்டி அது. நாய்க் கண்காட்சிகளோடு நடைபெறும் கீழ்ப்படிதற் போட்டியில் அதனைக் கலந்துகொள்ளச் செய்யவேண்டும் என்பது அவன் அவா. அதற்கு அவன் கைக்கொண்ட கருவியோ பூவரசங்கம்பு ஒன்றே. உட்காருமாறு கூறுவான், குட்டி விழிக்கும், கம்பு பேசும். பத்து நாளில் அக்குட்டி ஒரு பாடத்தை நன்கு கற்றுக்கொண்டது. அவன் குரல் கேட்டதும் திண்ணைக்கு அருகிலிருந்த வைக்கோற் போருக்குள் ஒளிந்துகொள்ளும் பாடமே அது.

யான் அவனை அழைத்து உட்காரவைத்து, உருசிய நாட்டு அறிஞர் ஒருவரின் வரலாற்றைக் கூறினேன். அவர் நாய் பழக்குதலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆயினும் இன்று நாயைப் பழக்குவோர் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, அவர் கண்ட உண்மையின்மேல் நின்றே தம் தொழிலைச் செய்கின்றனர். அவர்தாம் இவான் பெட்ரோவிச் பாவ்லவ். அவ்வரலாற்றை மாணவர்களாகிய நீங்களும் அறிதல் நலம்.

பாவ்லவ் 1849 ஆம் ஆண்டு செப்டம்பர் 26 ஆம் நாள், மாஸ்கோ நகரின் தென்கிழக்கே உள்ள ரியசான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் கிறித்தவக் கோவிலின் குரு, பொருள்வளம் குறைந்தவர், நூல் கற்றலிலும் தோட்டம் பயிரிடுதலிலும் விருப்பமுடையவர். இளமையில் பாவ்லவ் உயரத்திலிருந்து கல் பாவிய தரையில் விழுந்து நெடுநாள் நோயுற்றார். ஆதலின் அவர் பள்ளி புகுந்தபோது வயது 11 ஆகிவிட்டது. தந்தையைப் போலவே சமயகுரு ஆதற்குரிய கல்வியைத் தொடங்கினார். எனினும், சேச்சனவ் என்னும் அறிஞர் மூளையின் அனிச்சைச் செயல்களைப் பற்றி எழுதிய நூல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1870 இல் அக்கல்வியை விட்டு நீங்கிப் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலச் சென்றார். 1875 இல் அப்படிப்பை முடித்தபின் மருத்துவமும் கற்றார்.

1881 இல் செராபிமா என்னும் நங்கையை மணந்தார். அக்காலத்து அவர் வறுமை பெரிது. இருவரும் ஒரு வீட்டில் வாழ்தற்கும் பொருளின்றிச் சில காலம் பிரிந்து வாழ்ந்தனர். அவர்தம் நிலைக்கு இரங்கிய மாணவர்கள், சொற்பொழிவுகளுக்கு உரிய ஊதியம் என்ற பெயரால் பணம் திரட்டிக் கொடுத்தனர். அப்பணத்தையும் அவர் ஆய்வுக்குரிய விலங்குகளுக்கே செலவிட்டுவிட்டார் என்பர். அம்மையாரின் பொறுமையை என்னென்பது! பாட்கின் என்னும் மருத்துவப் பேரறிஞரின் மருத்துவமனையை ஒட்டியிருந்த சிறு மரக்குடிலே பாவ்லவின் முதல் ஆய்வுக்கூடமாக இருந்தது. பின்னர்ச் செர்மன் நாட்டில் ஈராண்டு பயின்று திரும்பினார். 1890 இல் இராணுவ மருத்துவக் கழகத்தில் பேராசிரியரானார். மறு ஆண்டில், புதிதாகத் தோன்றிய ஆய்வுமுறை மருத்துவ நிறுவனத்தின் உடலியல் பிரிவுக்கும் தலைவரானார்.

உண்ட உணவு எவ்வாறு செரிக்கிறது என்பதே அவர் முதலில் ஆராய்ந்த பொருள். அதுவரை அறிஞர் பலர் விலங்கினை அறுத்துச் சில நாழிகை நோக்குவர், விலங்கு இறந்துபடும். துன்பத்தால் துடிக்கும் உடல் இயல்பான உடலன்று என்பதைப் பாவ்லவ் உணர்ந்தார். நலமுடன் ஓடியாடும் நாயினிடத்தேதான் செரிமானத்தின் உண்மை தெரியவரும் என்று துணிந்தார். அதனால் நாய்களுக்கென்றே தூய்மையான அறுவை மருத்துவ அறைகளை அமைத்தார். மயக்கமருந்து கொடுத்து, மனிதர்க்குச் செய்யும் கருத்தோடு அறுவை செய்தார்; புண் ஆறும்வரை பேணினார். இரைப்பையின் ஒரு பகுதியைத் தனிப்பையாகப் பிரித்து, அதன் நீரை வெளியிலிருந்தே அளக்க வழிசெய்தார். அவ்வறுவையைத் தாங்கிப் பிழைத்த நாய்களுள் ஒன்றன் பெயர் ட்ருஷோக். உருசிய மொழியில் அதற்குச் சிறு தோழன் என்று பொருள். இவ்வாராய்ச்சிகளுக்காக 1904 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. உருசியருள் அப்பரிசினை முதலிற் பெற்றவர் அவரே.

ஆயினும், இன்று அவர் பெயர் நிலைபெற்றிருப்பது நோபல் பரிசு பெற்ற அவ்வாராய்ச்சியால் அன்று. அவ்வாராய்ச்சியின் இடையே தோன்றிய ஒரு சிறு தொல்லையாலேயே ஆகும். வாயில் உணவு பட்டதும் எச்சில் ஊறுதல் இயல்பு. ஆனால், அவர்தம் நாய்களுக்கு உணவு வருமுன்பே எச்சில் ஊறிற்று. உணவுத் தட்டைக் கண்டால் ஊறிற்று. உணவு கொணரும் ஏவலரின் காலடியோசை கேட்டாலும் ஊறிற்று. வேறொருவராயின் இஃது அளவைக் கெடுக்கும் இடையூறு என்று ஒதுக்கியிருப்பர். பாவ்லவோ ஐம்பது வயதை அடைந்த பருவத்தில், தாம் புகழ்பெற்ற துறையைக் கைவிட்டு, இச்சிறு இடையூற்றின் பின்னே சென்றார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனையே ஆராய்ந்தார்.

அவர் செய்த சோதனை எளியது. தாளம் காட்டும் கருவி ஒன்றை ஒலிக்கச் செய்வார், உடனே உணவளிப்பார். இவ்வாறு பலமுறை செய்தபின், ஒலி கேட்ட அளவிலேயே நாய்க்கு எச்சில் ஊறும். இத்தகைய பழக்கத்தை ஆக்கநிலையுறுத்தல் என்பர் உளவியலார். பாவ்லவ் என்றதும் மணியோசையே பலர் நினைவுக்கு வரும். ஆனால், அவர் தாளக்கருவியையும் ஒளியையும் தோலில் படும் மெல்லிய தொடுதலையும் மிகுதியாகக் கையாண்டார். 1903 இல் மாத்ரிது நகரில் கூடிய மருத்துவர் பேரவையில் இச்செய்தியை முதலில் உலகுக்கு அறிவித்தார்.

இதன்கண் மூன்று நுட்பங்கள் உள்ளன. குறிப்பு முன்னும் உணவு பின்னுமாக வருதல் வேண்டும். உணவு கொடுத்த பின்னர் ஒலி எழுப்புவதாற் பயனில்லை. அடுத்து, குறிப்பினைக் காட்டிவிட்டு உணவு கொடாமலே பன்முறை ஏமாற்றினால், எச்சில் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். பொய்த்துப்போன குறிப்பினை நாய் பொருட்படுத்துவதில்லை. மூன்றாவது நுட்பமே என் நெஞ்சை மிகவும் தொடுவது. வட்ட வடிவான ஒளியைக் காட்டினால் உணவு உண்டு, நீள்வட்டத்தைக் காட்டினால் உணவு இல்லை என்று ஒரு நாய்க்குக் கற்பித்தனர். அஃது எளிதிற் கற்றது. பின்னர் நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டத்திற்கு நெருங்கி வருமாறு மாற்றினர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 9க்கு 8 என்னும் அளவுக்குச் சுருங்கியபோது நாயினால் பிரித்தறிய இயலவில்லை. அதுவரை அமைதியாக நின்ற அந்நாய் ஊளையிட்டது, கருவிகளைக் கடித்தது, முன்பு தெளிவாகக் கற்றிருந்த எளிய வேறுபாட்டையும் மறந்துவிட்டது. அதனை எவரும் அடிக்கவில்லை, உணவும் மறுக்கவில்லை. அறியவொண்ணாததை அறியுமாறு வற்புறுத்தியதே அதன் நிலையைக் குலைத்தது. வகுப்பறையில் நாற்பதாண்டுக் காலம் நின்ற எனக்கு, இச்சோதனையைப் படிக்குந்தோறும் சில மாணவர்களின் முகங்கள் நினைவுக்கு வருகின்றன.

1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் புகுந்தது. பழைய பீட்டர்ஸ்பர்க் நகரே அப்போது அப்பெயர் பெற்றிருந்தது. ஐந்தருவியில் நீர் பெருகிக் குளிக்கத் தடை விதிக்கும் நாளில் அதன் சீற்றத்தைக் கண்டவர்கள் வெள்ளத்தின் அச்சத்தை உணர்வீர்கள். பாவ்லவின் நாய்கள் கூண்டுகளுக்குள் கழுத்தளவு நீரில் நீந்திக்கொண்டிருந்தன. கூண்டின் கதவு கீழே இருந்தமையால், நாயின் தலையை நீருக்குள் அழுத்தித்தான் வெளியே இழுக்க முடிந்தது. நாய்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால், அவற்றுட் சில, கற்ற பாடங்களை இழந்திருந்தன. அவை மீண்டும் பழகித் தேறியபின், ஆய்வறையின் கதவிடுக்கில் சிறிது நீரை வழியவிட்ட அளவிலேயே அவற்றுள் ஒன்று பழையபடி நடுங்கிற்று. பேரச்சம் கல்வியை அழித்துவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பாவ்லவின் பெருமை ஆராய்ச்சியோடு முடிவதன்று. 1917 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் நாட்டிற் பஞ்சம் தோன்றியது. அவர்தம் நாய்கள் பட்டினியால் மடிந்தன. முதுமையுற்ற அறிஞரும் தமக்கு அளிக்கப்பெற்ற சிறு நிலத்திற் காய்கறி பயிரிட்டு உண்டார். அரசு அவருக்குத் தனிச் சலுகையாகக் கூடுதல் உணவு தர முன்வந்தபோது, உடன் பணியாற்றுவோர்க்கு இல்லாதது தமக்கும் வேண்டா என மறுத்தார். 1921 சனவரியில், அவர் ஆராய்ச்சிக்கு வேண்டுவன எல்லாம் அளிக்குமாறு லெனின் ஆணை பிறப்பித்தார். அதன் பின்னரும், சமயகுருமாரின் மக்கள் என்னும் காரணத்தால் மாணவர்களை மருத்துவக் கழகத்திலிருந்து நீக்கியபோது, தாமும் குருவின் மகனே என்று கூறித் தம் பதவியைத் துறந்தார்.

இவ்வளவு கூறிய யான் மற்றொன்றையும் மறைத்தலாகாது. அவர்தம் ஆய்வுக்கூடத்து நாய்கள் தாமே விரும்பி அங்கு வந்தவை அல்ல. அறுவையால் இறந்தவை பல. வாழ்நாள் முழுதும் உடலிற் குழாயோடு இருந்தவை பல. தன்னைப் புண்படுத்திய தலைவனிடத்தும் அன்பு மாறாதது நாய் என்று நாலடியார் கூறும். அவ்வியல்பையே அவ்வாய்வுக்கூடம் பயன்கொண்டது. பாவ்லவ் அதனை உணர்ந்திருந்தார் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. 1935 இல், அவர்தம் விருப்பப்படி, அந்நிறுவனத்தின் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினர். உயர்ந்த பீடத்தின்மேல் நாயொன்று அமர்ந்திருக்கிறது. சிலை எழுப்பியதால் கடன் தீர்ந்தது என்று யான் கூறமாட்டேன். கடன் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் மனம் அவரிடம் இருந்தது.

1936 பிப்ரவரி 27 ஆம் நாள், தம் 86 ஆம் வயதில், நுரையீரல் அழற்சியால் பாவ்லவ் காலமானார். அதே ஆண்டில் அமெரிக்க நாய்வளர்ப்போர் சங்கம் கீழ்ப்படிதற் போட்டிகளுக்கு விதிகளை வகுத்து ஏற்றுக்கொண்டது. எலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்னும் அம்மையார் 1933 இல் மவுண்ட் கிஸ்கோ என்னும் ஊரில் நடத்திய போட்டியே அதற்கு வித்து. கட்டிய வாரோடும் வாரின்றியும் தலைவனின் இடப்பக்கம் ஒட்டி நடத்தல், அழைத்தவுடன் வருதல், பிறர் தொடும்போது அசையாது நிற்றல், அமர்ந்தும் படுத்தும் காத்திருத்தல் ஆகியவை அங்கே தேர்வுகள். அந்நாளிற் பழக்கியோர் பலர் கழுத்து வாரைச் சுண்டியிழுத்தே பழக்கினர். பரிசளித்துப் பழக்கும் முறை பரவப் பின்னும் பல்லாண்டுகள் ஆயின. ஒரு செயலின் பின் இன்பம் விளைந்தால் அச்செயல் நிலைபெறும் என்பதைப் பூனைகளைக் கொண்டு 1898 இல் காட்டினார் தார்ண்டைக் என்னும் அமெரிக்கர். அவ்வழிவந்த ஸ்கின்னர், அழுத்தினால் சொடக்கென்று ஒலிக்கும் சிறு விளையாட்டுக் கருவி ஒன்றைக் கொண்டு நாயைப் பழக்கும் முறையை 1951 இல் எழுதினார். நாய் சரியாகச் செய்த கணத்திலேயே அவ்வொலி எழவேண்டும். பின்னர் உணவு வரவேண்டும். அவ்வொலி நாய்க்கு இனிப்பதற்குக் காரணம் பாவ்லவ் கண்ட உண்மையே. அமெரிக்கப் போட்டிக் களத்தினுள் உணவு கொண்டு செல்லுதல் கூடாது என்பது விதி. பொய்க்காத குறிப்புகளால் பல திங்கள் பழகிய நாயே அங்கு வெறுங்கையைக் கண்டும் மனங்கலங்காது நடக்கும்.

இவற்றையெல்லாம் கேட்ட எங்கள் தெரு மாணவன் கம்பை விட்டுவிட்டான். குட்டி வைக்கோற்போரை விட்டு வெளிவரவே பல நாள் ஆயிற்று. அவன் குரல் அடியோடு இணைந்துபோனமையால், அக்குரலையே விடுத்துக் கையசைவால் புதிதாகத் தொடங்கினான். உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்துவான். குட்டி அமர்ந்த நொடியில் நாவினாற் சொடக்கிடுவான். உடனே ரொட்டித்துண்டு ஒன்று தருவான். நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்திற்கு மேல் பழக்குவதில்லை.

அடுத்த சாரலின்போது ஐந்தருவிக்குச் செல்லும் பாதையில் அவ்விருவரையும் கண்டேன். அருவியின் இரைச்சலில் அருகில் நிற்பவர் பேசுவதும் கேட்கவில்லை. குரங்குகள் சுவரின்மேல் ஓடின. குளித்து வருவோர் கூட்டம் நெருக்கிற்று. அவன் சற்றுத் தொலைவிற் சென்று திரும்பி நின்று கையை உயர்த்தினான். வெண்ணிற நாய் நனைந்த கல்தரையில் அமர்ந்தது. அவன் முகத்தையே நோக்கியவாறு, அவன் வரும்வரை அமர்ந்திருந்தது. அவன் ஓடிவந்து சட்டைப்பையில் கைவிட்டான். சாரலில் ரொட்டியெல்லாம் கூழாகிப் போயிருந்தது. நாய் அக்கையை நக்கி உண்டது.