சுவார்ட்ஸ் ஐயரின் கையெழுத்து

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. கடலோரக் கட்டடங்களில் கம்பி துருப்பிடிப்பது பற்றி ஒரு டெக்னிக்கல் கட்டுரை வேண்டும் என்றார்கள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் வேறொரு மனிதரின் கதைதான் வந்தது. நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் செங்கல்பட்டு. ரயிலில் வந்து போன நம்ம செட் ஆட்களுக்குத் தெரியும், கொளவாய் ஏரி ஓரம் பழைய கோட்டையின் மிச்சம் நிற்கும். 1780-ல் ஹைதர் அலி படையெடுத்து வந்தார். பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்ததும், ஹெக்டர் மன்றோ தன் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கி வந்தது இந்தச் செங்கல்பட்டுக்குத்தான். சுற்றுவட்டாரக் கிராமங்கள் எரிந்தன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையும் அடுத்த ஆண்டே ஆங்கிலேயர் கைக்குப் போனது.

அந்தப் போர் வராமல் தடுக்கத் தூது போனவர் ஒருவர் உண்டு. ஞாயிறு பள்ளியில் அவர் கதையைச் சொல்வார்கள். என் பாட்டிக்கு அவர் சுவார்ட்ஸ் ஐயர். கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ் 1726-ல் பிரஷ்யாவின் சோனன்பர்க்கில் பிறந்தவர். ஹாலே நகரில் படித்து, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு திருச்சி, கடைசியில் தஞ்சாவூர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 48 வருஷம் இங்கேயே உழைத்தார், சொந்த ஊர் திரும்பவே இல்லை.

1779-ல் சென்னை கவர்னர் ரம்போல்டு ஹைதரிடம் சமாதானம் பேச ஆள் தேடினார். கம்பெனி ஆட்கள் சொல்லை ஹைதர் நம்பத் தயாராக இல்லை. அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் ஏமாற்றமாட்டார் என்று ஹைதர் சொல்லியனுப்பியதாக மிஷன் வரலாறுகளில் இருக்கிறது. ஐயர் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். வழிச்செலவுக்கு ஹைதர் கொடுத்த 300 ரூபாயைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. சென்னையில் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னதும், தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை மூலதனம் ஆக்கினார்.

ஆனால் தூது பலிக்கவில்லை. இவர் அங்கே சமாதானம் பேசிக்கொண்டிருக்க, கம்பெனி ஏற்கெனவே மாஹேயைப் பிடித்திருந்தது. குண்டூருக்குப் போன அதன் படை ஹைதரின் நிலத்துக்குள் கேட்காமல் நுழைந்தது. ஒரு நல்ல மனிதரின் பெயரை இரவல் வாங்கிக்கொண்டு, காரியத்தை வேறு மாதிரி நடத்தினார்கள். மறு வருஷமே போர். அப்படியும் ஹைதருக்கு ஐயர்மேல் கோபம் வரவில்லை. அவர் எங்கே போனாலும் தடுக்காதீர்கள் என்று தன் படைக்கு உத்தரவு போட்டார். 1783-ல் கம்பெனி மறுபடி அவரைத் திப்புவிடம் அனுப்பியது. இந்த முறை சத்தியமங்கலத்துக்கு மேல் வழிவிடவில்லை.

எனக்குப் பிடித்தது 1781-ல் தஞ்சையில் நடந்தது. கோட்டைக்குள்ளே பஞ்சம். வெளியே நெல் இருக்கிறது, ஏற்றிவர மாடு இல்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்கு அரண்மனையும் கம்பெனியும் காசு தரவில்லை. அதனால் யார் கேட்டாலும் குடியானவர்கள் அசையவில்லை. காசுக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். இரண்டு மூன்று நாளில் 1,000 மாடுகளுக்கு மேல் வந்து நின்றன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. வந்தவர்களுக்குச் சொன்னபடி பணமும் கொடுத்தார்.

அவரும் தவறு செய்தார். 1787-ல் மன்னர் துளஜா சாகும் தறுவாயில், தத்துப் பிள்ளை சரபோஜியை இவரிடம் ஒப்படைக்க நினைத்தார். தம்பி அமர்சிங்கிடமே விடுங்கள் என்று இவர் யோசனை சொன்னார். அமர்சிங் அந்தப் பிள்ளையை அடைத்து வைத்தார். தான் சொன்ன யோசனை தப்பாகிவிட்டது என்று தெரிந்ததும் சுவார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. மனுமேல் மனு எழுதி, 1793-ல் சரபோஜியைச் சென்னைக்கு அனுப்ப வைத்தார். 1798 பிப்ரவரி 13-ல் அவர் இறந்தார். அதே வருஷம் சரபோஜி அரியணை ஏறினார். கடைசிவரை இந்துவாகவே இருந்த அந்த மன்னர், இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மேனைக் கொண்டு ஐயருக்குப் பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்தார். தஞ்சை சிவகங்கைப் பூங்கா பக்கத்துக் கோயிலில் அதை இன்றும் பார்க்கலாம்.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடற்கரைச் சாலையோரம் ஒரு வீட்டு வேலை. கான்கிரீட் போடும் முன்பு கம்பிக்கு அடியில் கவர் சரியாக இருக்கிறதா என்று நான்தான் பார்க்க வேண்டும். அன்றைக்கு மழை வரும்போல இருந்தது, லாரியும் வந்து நின்றுவிட்டது. கீழே நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாலு வருஷத்தில் சன்ஷேடுக்கு அடியில் துருக் கறை இறங்கியது, சிமெண்டும் பெயர்ந்தது. உப்புக் காற்றுக்கு யார் கையெழுத்து என்றெல்லாம் தெரியாது. என் செலவில் சரிசெய்து கொடுத்தேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மாடி எடுக்கும்போது மட்டும், நான் அளந்த பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்கிற எனக்கு அந்தத் துண்டுச் சீட்டும் ஜெபத்தைப் போலத்தான் என்று அப்போது உறைத்தது. கம்பெனி மேல் நம்பிக்கை இல்லாத விவசாயி ஐயரின் ஒரு வரியை நம்பி மாட்டை அவிழ்த்துவிட்டானே, அதற்குப் பின்னால் அவர் அங்கே வாழ்ந்த வருஷங்கள் இருந்தன. என் கையெழுத்துக்குப் பின்னால் என்ன இருந்தது? இப்போதெல்லாம் ஏணி ஏறி, டேப் பிடித்துப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்கிறேன். சைட்டில் பசங்க சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இந்த முறை மாமல்லபுரத்தில் கூடுகிறோம். சதுரங்கப்பட்டினம் பக்கம்தான். கோட்டையைப் பார்க்க விரும்புகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள், வண்டியில் நானே கூட்டிப்போகிறேன். துருவைப் பற்றிய கட்டுரை அடுத்த மலருக்கு நிச்சயம் வரும்!