மைக்கேல் பரடே

மின்விளக்கின்கீழ் அமர்ந்து நூல் பயிலும் நம் மாணவர், அவ்வொளிக்கு வழிசெய்தோருள் ஒருவர் கொல்லர் ஒருவரின் மைந்தர் என்பதை அறிதல் நன்று.

மைக்கேல் பரடே 1791 செப்டெம்பர் 22ஆம் நாள் இலண்டனையடுத்த நியூயிங்டனிற் பிறந்தார். வறுமையினால், எழுத்தும் எண்ணும் கற்ற அளவில் பள்ளிப்படிப்பு நின்றது. பதினான்காம் அகவையில் நூல்கட்டும் தொழில் பயிலப் புகுந்தார். பிறர் நூல்களைக் கட்டினார். ஓய்ந்த வேளையில் அவற்றையே கற்றார். 1812ல் சேர் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். அந்நூலே திறவுகோலாயிற்று. மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் றோயல் நிறுவனத்தில் டேவியின் உதவியாளரானார்.

காந்தத்தினின்றும் மின்னைப் பிறப்பித்த அவரது 1831ஆம் ஆண்டுப் பெருஞ்செயலை யாவரும் அறிவர். நாம் ஈண்டுக் கூற விழைவது பலர் அறியாத மற்றொன்று. உலோகம் சூடேறின் அதன் மின்கடத்துந் திறன் குறையும். வெள்ளிச் சல்பைட்டிலோ அத்திறன் கூடுவதை 1833ல் பரடே கண்டார். ஈயப் புளோரைட்டும் உருகாது திண்மமாய் இருந்தபடியே செஞ்சூட்டில் மின்னைக் கடத்திற்று. மின்னேற்ற அணுக்களாகிய அயன்கள் திண்பொருளினூடும் நகரும் என்பது பின்வந்தோர் கண்ட விளக்கம்.

இதன் பயன் யாது? டேவி 1818ல் மின்பகுப்பினாற் பிரித்தெடுத்த இலிதியம் இன்று நம் கைத்தொலைபேசியின் மின்கலத்தில் உள்ளது. ஆங்கு அதன் அயன்கள் செல்லும் திரவமோ தீப்பற்றும் இயல்பினது. அதற்கு ஈடாக எரியாத பீங்கானை இட ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர். இலிதியம், இலந்தனம், சேர்க்கோனியம், ஒட்சிசன் ஆகியன சேர்ந்த பீங்கானொன்று அறை வெப்பநிலையிலேயே இலிதிய அயன்களை விரைந்து கடத்துவதை, முருகன், தங்கதுரை என்னும் தமிழர் இருவர் செருமானிய அறிஞர் வெப்னரோடு கூடி 2007ல் வெளியிட்டனர். ஆயினும் பீங்கான் நொறுங்கும் இயல்பினது. அதன் நுண்வெடிப்புகளினூடே இலிதியம் ஊசிபோல் வளர்ந்து கலத்தைக் கெடுத்தலும் உண்டு. முயற்சி தொடர்கின்றது.

தமிழாசிரியராகிய நம்மைக் கவர்ந்த செய்தி ஒன்றுளது. தாம் கண்டவற்றிற்குப் பெயரிட வேண்டி, 1834ல் பரடே மொழிவல்லாராகிய வில்லியம் ஹூவெலை நாடினார். அயன், அனோட்டு, கதோட்டு என்னும் சொற்கள் அங்ஙனம் கிரேக்க வேரினின்று எழுந்தன. வீரமுனைக்கு அயலதாகிய காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார், விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு கற்றுக் கலைச்சொல்லாக்கத்திற்குத் தலைமை தாங்கியமையும் இங்கு நினையத்தக்கது.

சேர் பட்டத்தையும் றோயல் சங்கத் தலைமையையும் வேண்டாது மறுத்த பரடே, 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்தார். பிறர் நூலைப் படித்தே அவர் உயர்ந்தார். ஆதலின் பழைய மாணவர் ஒவ்வொருவரும் இவ்விழா நினைவாகக் கல்லூரி நூல்நிலையத்திற்கு ஒரு விஞ்ஞான நூல் ஈவாராக. அதனை எடுத்துப் படிக்கும் வறிய சிறுவன் எத்தகையவன் ஆவான் என்பதை யார் அறிவார்?