வீரமாமுனிவர்: நம்ம பக்கத்தில் வாழ்ந்த மனிதர்



மலருக்குக் கட்டுரை கேட்டதும், நான் டைல்ஸ் பற்றியோ சூளை பற்றியோதான் எழுதுவேன் என்று நண்பர்கள் நினைத்திருப்பார்கள். அதை என்னைவிட நன்றாக எழுத நம் ஆசிரியர்களும் சீனியர்களும் இருக்கிறார்கள். நான் ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதலாம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண் கேள்விக்காக நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தவர்தான் அவர். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம்.

எனக்குச் சொந்த ஊர் மங்களூர். வேலை செய்யும் இடத்தில் இதைச் சொன்னால் உடனே கடற்கரை, மீன் குழம்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது கர்நாடகத்து மங்களூருங்க, நம்மது கடலூர் மாவட்டம், திட்டக்குடி வட்டம், மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரி பூமி என்று விளக்கியே நாக்கு தேய்ந்துவிட்டது. நம்ம ஊரில் கடல் இல்லை. ஆனால் கடல் தாண்டி வந்த ஒருவர் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் நடந்து திரிந்திருக்கிறார். விருத்தாசலம் வட்டாரத்தில் முகாசாபரூர் பக்கம் உள்ள கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில் அவர் எழுப்பியது. ஜனவரி மாதத் தேர்த் திருவிழாவுக்கு அங்கே போய் வளர்ந்தவன் நான்.

அவர் பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இத்தாலியில் காஸ்திக்லியோனே என்ற ஊரில் 1680 நவம்பர் 8-ஆம் தேதி பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவா வந்து இறங்கி, அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. அந்த வயதில்தான் அவர் தமிழில் கையெழுத்தே போடத் தொடங்கினார். நம்மில் பலர், முப்பது வயசுக்கு மேலே புதுசா என்னத்தைக் கத்துக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வந்தவுடன் மாலை மரியாதை கிடைத்துவிடவில்லை. 1714-15-இல் அவருக்கும் அவரைச் சேர்ந்த மக்களுக்கும் கடுமையான எதிர்ப்பு வந்தது. மரண தண்டனை வரை போய்த் தப்பினார். இந்த மாதிரி நேரத்தில் சாதாரண மனிதர் என்ன செய்வார்? ஊருக்குக் கப்பல் ஏறுவார், அல்லது இந்த மக்களே இப்படித்தான் என்று கசந்துபோவார். இவர் உட்கார்ந்து தமிழ் படித்தார். சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் பாடம் கேட்டார் என்பது வழக்கு. குறள், சிந்தாமணி, கம்பர், நன்னூல் என்று, தமிழ்ப் பிள்ளைகள் படித்த வரிசையிலேயே அவரும் படித்தார்.

கான்ஸ்டன்டைன் என்ற பெயருக்கு உறுதியுடையவர் என்று பொருள். அதைத் தமிழாக்கி முதலில் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். பிறகு வீரமாமுனிவர் ஆனார். காவி உடுத்தார், மரக்கறி உண்டார். இந்த வழியை அவருக்கு நூறு வருஷம் முன்பே, 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி தொடங்கி வைத்திருந்தார்.

வெளிநாட்டுச் சாமியார் காவி கட்டினால் அது வேஷமாகவும் இருக்கலாம் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். உடையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். மொழியை அப்படி மாற்ற முடியாது. வந்து பதினைந்து வருஷம் கழித்து, 1726-இல் அவர் தேம்பாவணியை முடித்தார். மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர்தான் காவியத் தலைவர். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகுதல் என்று பொருள் என்பதால் அவரை வளன் என்று அழைத்தார். திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயர் வைத்தார். யூதேயா நாட்டைப் பாடும்போது நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தமிழ்க் காப்பிய முறை தவறாமல் பாடினார். கேட்கிறவனுக்கு அது அந்நிய நாட்டுக் கதையாகத் தெரியக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

கோணான்குப்பத்திலும் அப்படித்தான். அங்கே மாதா தமிழ்ப் பெண்ணாகச் சேலை உடுத்தி நிற்கிறாள். பெயர் பெரியநாயகி. நம் விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் அம்மன் பெயரும் பெரியநாயகிதான். இந்த வட்டாரத்துத் தாய்மார்கள் நாவில் ஏற்கெனவே இருந்த பெயர் அது. கோயில் கட்ட முகாசாபரூர் கச்சிராயர் உதவினார் என்று இன்றும் ஊரில் கதை சொல்வார்கள். கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் அவர் எழுப்பிய கோயிலுக்கு அடைக்கல மாதா கோயில் என்று பெயர். அந்த ஊருக்கே திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அதன் மேல் ஒரு கலம்பகமும் பாடினார்.

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கிளேஸ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதன் விரிவும் சுருக்கமும் கீழே இருக்கும் பாடிக்குப் பொருந்தவில்லை என்றால், சூளையிலிருந்து எடுத்த பிறகு முடி முடியாக வெடிப்பு விழும். கிளேஸைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் பாடியைப் படிக்க வேண்டும். முனிவர் பதினைந்து வருஷம் படித்தது அதைத்தான்.

அவர் தமிழுக்குச் செய்தவற்றை ஒரு பட்டியலாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஓலைச்சுவடியில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். அதனால் எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று வாசிப்பவர்தான் ஊகிக்கணும். கெடு என்று எழுதியிருக்கிறதா, கேடு என்று எழுதியிருக்கிறதா? நெடில் தனியாகத் தெரியும்படி எழுத்து வடிவத்தைத் திருத்தியவர் இவர். இந்த மலரில் நீங்கள் படிக்கும் ஒவ்வொரு ஏகாரத்திலும் ஓகாரத்திலும் அவர் கை இருக்கிறது. 1730-இல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தும் சேர்த்துத் தொன்னூல் விளக்கம் எழுதினார். 1732-இல் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதியாகச் சதுரகராதி தந்தார். அதுவரை சொற்பொருள் தெரிய நிகண்டுச் செய்யுளை உருப்போட வேண்டியிருந்தது. அவர் அகர வரிசையில் தேடிக்கொள்ள வழி செய்தார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். பரமார்த்த குரு கதை எழுதி மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களை வைத்து நம்மைச் சிரிக்கவும் வைத்தார்.

இவற்றில் எதற்கும் ஒருவன் கிறிஸ்தவனாக மாறணும் என்ற நிபந்தனை கிடையாது. சைவப் பிள்ளையும் அந்த அகராதியைப் புரட்டலாம், வைணவப் பிள்ளையும் அந்த இலக்கணத்தைப் படிக்கலாம். தன்னிடம் இருந்ததை எடுத்துச் சொன்னார், கூடவே கேட்காமலே கொடுத்தார்.

புகழ்ந்துகொண்டே போனால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அன்றைய மதுரை மிஷன் சாதி வேற்றுமையைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டுதான் நடந்தது. தாழ்த்தப்பட்ட மக்களின் வீட்டுக்குள் போய் நோயாளிகளுக்குத் திருச்சடங்கு கொடுக்க வேண்டும் என்று ரோமிலிருந்து வந்த தூதர் 1704-இல் புதுச்சேரியில் ஆணையிட வேண்டியிருந்தது. அந்த வழக்கு நாற்பது வருஷம் இழுத்து 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் போப்பின் தீர்ப்பில் போய் நின்றது. முனிவரின் தமிழக வாழ்க்கை முழுவதும் இந்த வழக்குக் காலத்தில்தான் கழிந்தது. ஊரோடு ஒத்துப்போவது என்று கிளம்பினால், ஊரில் உள்ள தப்போடும் ஒத்துப்போகிற ஆபத்து உண்டு. இது இன்றைக்கும் பாடம்.

இன்னொன்று, தரங்கம்பாடியில் 1706 முதல் இருந்த லுத்தரன் மிஷனோடு அவர் போட்ட சண்டை. சீகன்பால்கு தொடங்கிய மிஷன் அது. புதிய ஏற்பாட்டை 1715-க்குள் தமிழில் அச்சிட்டு முடித்தவர்கள் அவர்கள். வேத விளக்கம், பேதகம் மறுத்தல் என்று அவர்களை எதிர்த்து முனிவர் காரமாக எழுதினார். அவர்களும் சும்மா இருக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே இயேசுவைச் சொல்ல வந்தவர்கள்தான்!

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை, அவர் உயிரோடு இருக்கும்போதே, 1738-இல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம்! சண்டை போட்டவருடைய புத்தகத்தையே அவர்கள் அச்சுக் கோத்தார்கள், ஏனென்றால் அது அவர்களுக்குப் பயன்பட்டது. அவர் சண்டைக்காக எழுதியவற்றை இன்று ஆராய்ச்சி மாணவர்கள்தான் தேடிப் படிக்கிறார்கள். கொடுப்பதற்காக எழுதியவை எதிரி வீட்டுக்குள்ளேயும் போய்விட்டன. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நான் இப்போது குஜராத்தில் மோர்பி பக்கம் ஒரு டைல்ஸ் ஆலையில் வேலை பார்க்கிறேன். ஒரே ஷிஃப்டில் நாலு மதம், ஆறு மொழி. இன்றைய நிலைமை உங்களுக்கே தெரியும். ஒருவர் தன் நம்பிக்கையைப் பற்றி வாயைத் திறந்தாலே, மதம் மாத்த வந்துட்டான் என்று ஒரு சந்தேகம். இன்னொரு பக்கம் அடுத்தவர் சாமியைக் கிண்டல் செய்யும் வாட்ஸ்அப் செய்திகள். நமது அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சமயத்தை எடுத்துச் சொல்லும் உரிமையைத் தருகிறது. அது கொள்கையை விளக்கும் உரிமையே தவிர இன்னொருவரை மாற்றும் உரிமை அல்ல என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டம் அவ்வளவுதான் செய்யும். கேட்பவர் மனதில் நமக்கு இடம் உண்டா என்பதைச் சட்டம் தீர்மானிக்காது.

தவக்காலத்தில் நான் ஏன் அசைவம் சாப்பிடவில்லை என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள். தெரிந்த குஜராத்தியில் சொல்வேன். அவர்களுடைய நவராத்திரி விரதத்தைப் பற்றி நானும் கேட்பேன். அந்த மொழியைத் தட்டுத் தடுமாறிப் பேசக் கற்ற பிறகுதான் இந்தப் பேச்சே சாத்தியமானது. அவர்கள் மாறினார்களா என்று யாராவது கேட்டால், சூளை பழுதானால் நடுராத்திரியில் ஒருவருக்கொருவர் ஓடி வருகிறோம் என்பதுதான் என் பதில்.

ஊர் ஊராகப் போய்ப் போதிக்கும் உபதேசியார்களுக்காக 1727-இல் முனிவர் ஓர் உரைநடை நூல் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் வேதியர் ஒழுக்கம். எப்படிப் பேச வேண்டும் என்பதைவிட எப்படி வாழ வேண்டும் என்பதைத்தான் அந்தத் தலைப்பே சொல்கிறது. எந்தச் சமயத்தவருக்கும், ஏன், எந்தக் கட்சிக்காரருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

1741-இல் மராத்தியர் திருச்சியைப் பிடித்தபோது, சந்தா சாகிபின் ஆதரவைப் பெற்றிருந்த முனிவர் இந்தப் பகுதியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. கடைசி ஆண்டுகளைத் தெற்கிலும் கேரளத்திலும் கழித்தார். அம்பழக்காட்டில் 1747 பிப்ரவரி 4-ஆம் தேதி மறைந்தார் என்பதே இன்று பலரும் ஏற்கும் செய்தி. பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னை மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். வள்ளுவரும் ஔவையாரும் நிற்கும் அதே கடற்கரையில் அவரும் நிற்கிறார். எந்த மதத்துக்காரரும் அதை ஆட்சேபித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தம்பி தங்கைகளே, படிப்பு முடிந்து நீங்கள் எந்த மாநிலத்துக்குப் போனாலும் அந்த மண்ணின் மொழியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலத்தில் பெரியநாயகி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே பஸ் ஏறிக் கோணான்குப்பம் பெரியநாயகி மாதாவையும் பார்த்துவிட்டு வாருங்கள். நம்ம பக்கத்துப் பெருமை நமக்கே தெரியலேன்னா எப்படி?