ஆர்னால்டு ரோசே

ருமேனியாவின் யாசி நகரில் 1863இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஆர்னால்டு ரோசே. 17 வயதிலேயே வியன்னா அரசவை இசைநாடக அரங்கின் சேர்ந்திசைக் குழுவில் முதன்மை வயலின் கலைஞரானார். குழுவினர் அனைவரின் இசையையும் தம் வில்லசைவால் ஒருங்கிணைக்கும் அப்பொறுப்பை அரைநூற்றாண்டுக்கும் மேலாக ஏற்றிருந்தார். 1882இல் அவர் தொடங்கிய நால்வர் குழு, ஷோன்பெர்க்கின் புதுமைப் படைப்புகளை, அவையோர் கூச்சலிட்டபோதும் துணிந்து அரங்கேற்றியது.

1938இல் ஜெர்மனி ஆஸ்திரியாவைக் கைப்பற்றியது. யூதர் என்பதால் ரோசே தாம் வளர்த்த குழுவிலிருந்தே விலக்கப்பட்டு, முதுமையில் இலண்டனில் தஞ்சமடைந்தார். 1946இல் அங்கேயே மறைந்தார். அவரிடம் வயலின் பயின்ற மகள் ஆல்மா, ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பெண்கள் இசைக்குழுவை வழிநடத்தி 1944இல் உயிர்நீத்தார். அக்குழுவில் இருந்த பெண்கள் பலர் உயிர்பிழைத்தனர்.