மேடைப் பெட்டியில் மூன்று எழுத்து

சங்கத்து ஆண்டு விழாவிலோ, கோவில் திருவிழா இன்னிசைக் கச்சேரியிலோ மேடையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். பாடகரின் காலடியில் சாய்வான முகத்துடன் ஒரு கருப்புப் பெட்டி இருக்கும். அது ஜனங்களுக்காக வைத்தது அல்ல, பாடகருக்காக வைத்தது. மைக் செட்காரர்கள் அதை மானிட்டர் என்பார்கள்.

பெரிய பெட்டிகள் எல்லாம் ஜனங்களைப் பார்த்து நிற்கின்றன. பாடுகிறவரின் குரல் பின் சுவரில் மோதித் திரும்பித்தான் அவர் காதுக்கு வரும். அதற்குள் தாளம் தள்ளிப் போய்விடும். அதற்காகத்தான் மானிட்டர். ஆனால் சின்ன மண்டபத்தில் அதன் சத்தத்தைக் கூட்டினால் மைக் அதையே பிடித்து 'கூ' என்று அலறும். ஆகவே பெட்டி சிறியதாக இருக்க வேண்டும். குறைந்த சத்தத்திலும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும்.

அப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றில் ஜே.பி.எல். என்ற மூன்று எழுத்தைக் காணலாம். ஜேம்ஸ் புல்லோ லான்சிங் என்ற அமெரிக்கரின் பெயர்ச் சுருக்கம் அது. சாய்வு மானிட்டர் மேடைக்கு வருமுன்பே அவர் இறந்துவிட்டார்.

சுரங்க எஞ்சினீயர் மகன்

1902 ஜனவரி 14-ந் தேதி இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். தகப்பனார் நிலக்கரிச் சுரங்க எஞ்சினீயர். வீட்டில் 14 குழந்தைகள், இவர் ஒன்பதாவது. பெற்றோர் வைத்த பெயர் ஜேம்ஸ் மார்ட்டினி. பெரிய படிப்பு இல்லை. மோட்டார் மெக்கானிக் வேலை பார்த்தார்.

தாயார் இறந்தபின் ஊரை விட்டுக் கிளம்பி சால்ட் லேக் சிட்டி போய்ச் சேர்ந்தார். அங்கேதான் கிளென்னாவை மணந்தார். கென் டெக்கர் என்ற கூட்டாளியும் அங்கேதான் கிடைத்தார். இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று 1927-ல் ஸ்பீக்கர் கம்பெனி தொடங்கினார்கள். அப்போதுதான் மார்ட்டினி லான்சிங் ஆனார்.

வேலை பிரிந்திருந்தது. லான்சிங் பட்டறை, டெக்கர் கணக்கு வழக்கு. ரேடியோவுக்கான சிறு ஸ்பீக்கர்களில் ஆரம்பித்தார்கள்.

இரட்டைத் தட்டு

பேசும் படம் வந்த புதிதில் தியேட்டர் ஹாரன்களில் ஒரு தொல்லை. காலணியால் தரையைத் தட்டி ஆடும் நடனத்தில் ஒரு தட்டு இரண்டாகக் கேட்டது. தாழ்ந்த ஒலிக்கான ஹாரன் நீளம். உயர்ந்த ஒலிக்கான ஹாரன் குட்டை. ஒன்று முந்தி வந்தது, மற்றது பிந்தி வந்தது. எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் டக்ளஸ் ஷியரர் குழு இரண்டின் தூரத்தையும் நெருங்கச் செய்து புது அமைப்பைக் கண்டது. அதற்கு வேண்டிய ஸ்பீக்கர்களைச் செய்து கொடுத்தவர் லான்சிங். 1936-ம் ஆண்டுக்கான ஆஸ்கார் தொழில்நுட்பப் பரிசு ஷியரருக்கும் ஸ்டூடியோவின் ஒலிப் பிரிவுக்கும் கிடைத்தது.

தியேட்டருக்கு ஆகிற அந்த ராட்சத அமைப்பு சின்ன அறைக்கு ஆகாது. 1937-ல் அதையே சுருக்கி 'ஐகானிக்' என்ற பெட்டியை லான்சிங் கொண்டுவந்தார். கீழே 15 அங்குலக் கூம்பு, மேலே சிறு ஹாரன். தாழ்ந்த ஒலியை ஒன்றுக்கும் உயர்ந்த ஒலியை மற்றதற்கும் பிரித்து அனுப்பும் 'கிராஸ்ஓவர்' உள்ளே. இன்றைய மேடை மானிட்டரைப் பிரித்தாலும் பெரும்பாலும் இதே மூன்றுதான். கூம்பு 10, 12 அங்குலமாகச் சுருங்கியிருக்கும். பெட்டியைச் சாய்த்து அறுத்திருப்பார்கள்.

1939-ல் டெக்கர் விமான விபத்தில் இறந்தார். அதோடு கணக்குப் புத்தகம் அநாதையானது. கம்பெனி தள்ளாடி, 1941-ல் ஆல்டெக் நிறுவனத்தின் கைக்குப் போனது. லான்சிங் அங்கே எஞ்சினீயரிங் துணைத் தலைவர் ஆனார். ஒலிப்பதிவுக் கூடங்களில் பல ஆண்டுகள் மானிட்டராக இருந்த '604' அங்கே உருவானதுதான்.

1946-ல் விலகி மறுபடி சொந்தக் கம்பெனி வைத்தார். லான்சிங் என்ற பெயரை வைக்க ஆல்டெக் ஆட்சேபம் செய்தது. சொந்தப் பெயருக்கே வில்லங்கம்! ஆனாலும் 1947-ல் 'டி 130' வந்தது. 15 அங்குல ஸ்பீக்கர். வாய்ஸ் காயில் மட்டும் 4 அங்குல அகலம். உருண்டைக் கம்பியை விட்டுத் தட்டையான அலுமினிய நாடாவை விளிம்பில் நிறுத்திச் சுற்றினார். காந்தத்தின் இடைவெளியில் கம்பி நெருக்கமாக நிறைந்தது. சிறிய ஆம்ப்ளிபயரிலேயே கணீரென்று பேசியது.

சரக்கு நயம், வரவு செலவு மோசம். விலை வைப்பதும் கடனைச் சமாளிப்பதும் அவருக்குக் கைவராத வித்தை. ஒரு நல்ல குமாஸ்தா பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. கடன் ஏறிக்கொண்டே போனது. 1949 செப்டம்பரில் லான்சிங் தன் உயிரைத் தானே முடித்துக் கொண்டார். வயது 47.

அவர் பெயரில் 10,000 டாலர் இன்சூரன்ஸ் இருந்தது. பணம் சேர வேண்டிய இடம் கம்பெனி என்று பாலிசியில் எழுதியிருந்தது. பொருளாளராக இருந்த வில்லியம் தாமஸ் அதை வைத்துக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார். பிறகு கிளென்னாவின் பங்கையும் அவரே வாங்கிக்கொண்டார்.

பெயர்த் தகராறு மட்டும் ஓயவில்லை. கடைசியில் 1950-களின் நடுவில் தாமஸ் முழுப் பெயரை எடுத்துவிட்டு, ஜே.பி.எல். என்று மட்டும் பெட்டியில் போட்டார். டி 130 ஸ்பீக்கர் பின்னர் மேடைக் கிதார்க்காரர்களின் ஆம்ப்ளிபயர்களுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது.