கண் வைத்தியம் கண்ட மன்னர் சரபோஜி

இரயிலும் பேருந்தும் இல்லாத நாளில் இராமேசுவர யாத்திரை என்றால் கால்நடைப் பயணந்தான். தஞ்சையிலிருந்து சேது நோக்கி வரும் வழி நெடுகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டி வைத்திருந்தனர். அங்கே பசித்தவர்க்குச் சோறு மட்டுமன்று, நோயுற்றவர்க்கு மருந்தும் மருத்துவரும் உண்டு. அந்தத் தருமம் குறைந்துவிடக் கூடாதென்று 1801-இல் கும்பினி அதிகாரிக்கு மன்றாடி எழுதியவர் இரண்டாம் சரபோஜி மன்னர்.

அவர் 1777-இல் பிறந்தார். 1787-இல் துளஜா மன்னர் அவரைத் தத்தெடுத்த சில நாட்களிலேயே காலமானார். அரியணை அமர்சிங் கைக்குப் போயிற்று. துன்புற்ற அச்சிறுவனைக் காத்துக் கல்வி தந்தவர் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ். சென்னைக்கு அனுப்பப்பட்டுப் படித்த சரபோஜி 1798-இல் முடிசூடினார். மறு ஆண்டே நாட்டின் ஆட்சி கும்பினியிடம் போய்விட்டது. கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே மிச்சம். இன்னொருவராயிருந்தால் வேட்டையிலும் விருந்திலும் காலங் கழித்திருப்பார். இவரோ சரசுவதி மகாலில் நூல்களைச் சேர்த்தார். தன்வந்திரி மகால் அமைத்து, நம் நாட்டு வைத்தியத்தையும் மேனாட்டு வைத்தியத்தையும் ஒருங்கே ஆராயச் செய்தார்.

அவருக்குக் கண் வைத்தியத்தில் தனி ஈடுபாடு. நோயாளியின் கண்ணை வண்ணத்தில் வரையச் செய்து, நோயையும் சிகிச்சையையும் உடன் எழுதி வைத்தார். வந்தவர்கள் பெரிய மனிதர்கள் மட்டுமல்லர், சாமானியரும் ஆவர். ஓர் ஏழையின் கண்ணைப் படம் எழுதிப் பாதுகாத்த அரசர் வேறு யார் என்று எனக்குத் தெரியவில்லை!

கண் புரையை அன்றைய வைத்தியர் அறிந்திருந்தனர். ஆனால் கண்ணுக்குள் ஓடும் நீரின் வழி அன்று யாருக்கும் சரிவரத் தெரியாது. இது நாம் அழும் கண்ணீர் அன்று. கண்ணின் முன்புறத்துக் கண்ணாடி போன்ற படலத்திலும் லென்சிலும் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும். ஆகவே உள்ளே சுரக்கும் தெளிந்த நீரே அவற்றுக்கு உணவு கொண்டுவந்து, கழிவையும் எடுத்துச் செல்கிறது. லென்சின் அருகே சுரந்து, பாவையின் வழியே முன்னறைக்கு வந்து, ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசுவில் வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் நீர் முழுவதும் புதிதாகிவிடும். வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நசியும். அதுவே கண்நீர் அழுத்த நோய்.

எங்கள் பாட்டி இதைப் புரை என்றே எண்ணி, முற்றட்டும், பிறகு அறுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வருடம் காத்திருந்தார்கள். புரையை அகற்றினால் பார்வை திரும்பும்; நசிந்த நரம்போ திரும்பாது. ஒரு கண் போயிற்று. மறு கண்ணைச் சொட்டு மருந்துதான் காத்து வருகிறது.

நீர் வடியும் அந்த நுண்ணிய கால்வாயை ஜெர்மனியில் சிலெம் என்னும் அறிஞர் 1830-இல் விவரித்தார். அதன் பெயரே சிலெம் கால்வாய். அடைப்பைத் தணிக்கும் அறுவைச் சிகிச்சையைக் கிரேஃபே என்பவர் 1857-இல் வெளியிட்டார். சரபோஜி மன்னர் 1832 மார்ச் 7-இல் காலமாகிவிட்டார். அவர் வரைவித்த கண்கள் இன்றும் தஞ்சையில் ஏட்டில் விழித்திருக்கின்றன. அவற்றுள் எவை புரையால் மங்கியவை, எவை உள்ளே நீர் தேங்கி மங்கியவை என்று பிரித்தறிய அம்மன்னருக்கு வழியில்லாமல் இருந்தது.