இல்லாத இயந்திரத்தில் பிழை பிடித்தவர்



எங்க அப்பா கைத்தறி நெசவாளர். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. ஓட்டை போட்ட அட்டைகள் சுற்றிச் சுற்றி வரும். ஓர் ஓட்டை தப்பினாலும் சேலையில் பூ கெட்டுப்போகும். அதே மாதிரி அட்டைகளால் கணக்குப் போடும் இயந்திரத்துக்கு, 1843லேயே புரோகிராம் எழுதினார் ஒரு பெண் என்று படித்ததும் அசந்துவிட்டேன்!

அவர்தான் ஏடா லவ்லேஸ். கவிஞர் பைரனின் மகளாக 1815 டிசம்பர் 10 அன்று லண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தனர். தாய் அவருக்குக் கணிதம் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 17 வயதில் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். பாபேஜ் பின்னர் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரம் கடைசிவரை முழுதாகக் கட்டப்படவே இல்லை.

இல்லாத இயந்திரத்துக்கு எப்படிப் புரோகிராம் எழுதுவது? அந்த இயந்திரம் பற்றி மெனாப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை ஏடா மொழிபெயர்த்து, அதைவிட நீளமான குறிப்புகளைச் சேர்த்தார். பெர்னூலி எண்களைக் கணக்கிட 25 படிகள் கொண்ட அட்டவணை தந்தார். ஒவ்வொரு மாறியின் மதிப்பும் எத்தனை முறை மாறியது என்பதை அதன் தலையிலேயே குறித்தார். பாபேஜ் அனுப்பிய கணக்கில் பெரிய பிழையைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்! இதை 1864இல் வெளியான தன் வரலாற்றில் பாபேஜே ஒப்புக்கொண்டார்.

ஆனால் பாருங்க, அச்சான அட்டவணையின் 4ஆம் படியில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறிக் கிடக்கின்றன. ஓட்டிப் பார்க்கத்தான் இயந்திரம் இல்லையே!

எனக்கும் வகுத்தலில்தான் வந்தது வினை. லேபில் ஜாவாவில் சராசரி மதிப்பெண் 77.5 வரவேண்டிய இடத்தில் 77 வந்தது. வீட்டில் கேட்க ஆளில்லை. நான்தான் முதலில் படிக்க வந்தவன். நண்பர்களைக் கேட்கவும் வெட்கம். பேசாமல் படிப்பை விட்டுவிட்டுத் தறிக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு ஏடா செய்த மாதிரி ஒவ்வொரு வரியிலும் எந்த மாறி என்ன வகை என்று தாளில் எழுதிக்கொண்டே போனேன். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்திருக்கிறேன்! தசமத்துக்கு அங்கே இடமே இல்லை. ஒரே சொல்லை மாற்றினேன், சரியாகிவிட்டது.

ஏடா 1852இல், 36 வயதில், புற்றுநோயால் மறைந்தார். 1979இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு கணினி மொழிக்கு அவர் பெயரைச் சூட்டியது. அதற்கு அப்போது தரப்பட்ட தர எண் 1815. அவர் பிறந்த ஆண்டு! மாறிகளின் வகையில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத மொழி அது.

நண்பர்களே, மேதைகளின் தாளிலும் பிழை உண்டு. நம் பிழையை ஏன் மறைக்க வேண்டும்? தேடுவோம், திருத்துவோம்!